கைவிடப்பட்ட சிறுவனும் கல்வியின் வரலாறும்

கல்வியின் வரலாறு பெரும்பாலும் பேரறிஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், இன்றைய பாலர் வகுப்புகளிற் கையாளப்படும் முறைகள் சிலவற்றின் தோற்றுவாயை ஆராயுமிடத்து, கற்பிக்கத் தகாதவர் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளையே நாம் சந்திக்கின்றோம்.

1800ஆம் ஆண்டில் தென் பிரான்சின் அவெரோன் பகுதியில், காட்டில் வாழ்ந்த, பேச்சறியாச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். வயது ஏறத்தாழப் பன்னிரண்டு. பாரிசில் அவனைப் பரிசோதித்த புகழ்பெற்ற வைத்தியர் பினெல், அவன் அறிவு குன்றியவன், திருத்த இயலாதவன் என முடிவுகட்டினார். செவிப்புலனற்றோர் கல்வி நிலையத்தின் இளம் வைத்தியரான இட்டார்ட் அம்முடிவை ஏற்றாரல்லர். மனிதர் கூட்டுறவு இன்மையே குறைக்குக் காரணம் எனக் கருதிய அவர், சிறுவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, சுமார் ஐந்தாண்டுகள் பயிற்றினார். முதலிற் புலன்களைத் தூண்டினார். பின்னர் பொருள்களையும் படங்களையும், வெட்டியெடுத்த எழுத்துகளையும் கொண்டு கற்பித்தார்.

விக்டர் எழுதப்பட்ட சொற்கள் சிலவற்றை அறிந்துகொண்டான். பேச்சு மட்டும் கைகூடவில்லை. இட்டார்ட் தமது 1806ஆம் ஆண்டு அறிக்கையில் இதனை மறைக்கவில்லை. பாடங்கள் நின்றன, பராமரிப்பு நிற்கவில்லை. தொடக்கத்திலிருந்தே அவனைப் பேணிய கெரின் அம்மையார், 1828இல் அவன் இறக்கும்வரை உடனிருந்து காத்தார். அவரது பணியை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளிற் கூறி அமைவது வருந்தத்தக்கது.

இட்டார்டின் மாணவர் செகுவின் இம்முறையை அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென விரிவாக்கி, 1846இல் நூலாக வெளியிட்டார். இவ்விருவரின் எழுத்துகளையும் தம் கையாலேயே இத்தாலிய மொழியிற் பெயர்த்தெழுதிக் கற்றவர் மரியா மொன்ரிசோரி. ரோமில் இத்தகைய பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் கற்றுப் பரீட்சையிற் சித்தியடைந்தபோது, பிறர் அப்பிள்ளைகளை வியந்தனர். அவரோ சாதாரணப் பாடசாலைகளின் தாழ்நிலையை எண்ணி வியந்தார். 1907இல் சான் லொரென்சோவில் அவர் தொடங்கிய பாலர் இல்லம் இவ்வனுபவத்தின் விளைவேயாகும். 1944இல் அவர் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எனவே, விசேட தேவையுடைய பிள்ளைக்குக் கற்பித்தலைத் தருமமாக மட்டும் கொள்ளுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அப்பிள்ளைகளிடமிருந்து பெற்ற முறையாலேயே ஏனைய பிள்ளைகளும் பயனடைகின்றனர். அம்முறை வழங்கும் வகுப்பறையில் அவர்களுக்கே இடமில்லை எனின், அது நன்றி மறத்தலாகும். பிறரைப்போல் ஆவார்களா என்பதும் அவ்விடத்துக்கு நிபந்தனையாதல் தகாது. விக்டர் இறுதிவரை பேசவில்லை. ஆயினும் அவனுக்குக் கற்பித்தது வீணாகவில்லை.