பத்து ஆராங் கரிச்சுரங்கமும் தொழிலாளரும்

மலாயாவின் செல்வம் எதனால் வந்தது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளை முதல் பட்டதாரி வரை ஒரே விடைதான் சொல்லுவர்: ஈயமும் ரப்பரும். நான் இங்கிலீஷில் படித்த சரித்திரப் புத்தகத்திலும் அவ்விரண்டுக்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு. ஆனால் ஈயம் தோண்டிய இயந்திரம் எதனால் ஓடிற்று, ரப்பரைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்த ரயில் எதனால் ஓடிற்று, கோலாலம்பூர்த் துரைமார் பங்களாக்களில் விளக்கு எதனால் எரிந்தது என்று அப்புத்தகம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அவற்றுள் பெரும்பகுதியை ஓட்டியது, சிலாங்கூரில் ரவாங்குக்கு அருகே ஒரு சிறு பள்ளத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட நிலக்கரியே. அவ்வூரின் பெயர் பத்து ஆராங். மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். 'ஆராங்' என்றால் கரி. கல்கரி என்றே ஊருக்குப் பெயர் அமைந்துவிட்டது. எண் பத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதைத் தமிழ்நாட்டு நேயர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இச்சுரங்கம் தோன்றுமுன் மலாயாவுக்கு வேண்டிய கரி கடல் கடந்துதான் வரவேண்டியிருந்தது. வங்காளத்து ராணிகஞ்சில் 1774-லேயே வெள்ளைக்காரர் கரி வெட்டத் தொடங்கிவிட்டனர். பின்னாளில் கல்கத்தாவிலிருந்து கரி ஏற்றிய கப்பல்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, நீராவிக் கப்பல்களின் பசியைத் தீர்த்தன. உள்நாட்டிலோ ரயிலும் ஈயச் சுரங்கமும் காட்டு விறகைத் தின்றுகொண்டிருந்தன. காடு தூரம் போகப்போக விறகின் விலை ஏறியது. எனவே, உள்நாட்டில் கரி கிடைத்தது என்ற செய்தி சர்க்காருக்கும் முதலாளிகளுக்கும் தேன்போல் இனித்ததில் வியப்பில்லை.

1908-ஆம் ஆண்டில் ரந்தாவ் பாஞ்சாங் என்று அந்நாளில் வழங்கிய பகுதியில் கரிப்படுகை கண்டுபிடிக்கப்பட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் முன்னின்று 1913-ல் மலாயன் காலியரீஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். இவர் கோலாலம்பூரில் சர்க்கார் அச்சகத்தை நடத்தியவரின் மைந்தர். சிறு வயதிலேயே இந்நாட்டுக்கு வந்து, சீனரோடு சீனராகப் பேசிப் பழகியவர். தொழிலாளியின் பாஷை தெரிந்த முதலாளி என்பதால் தொழிலாளியின் நிலை உயர்ந்துவிடவில்லை. ஆள் பிடிக்கும் வேலை எளிதாயிற்று, அவ்வளவே. 1915-ல் கரி வெட்டுதல் தொடங்கியது. குவாங்கிலிருந்து சுரங்கத்துக்குக் கிளை ரயில் பாதை போடப்பட்டது. ரயில்வே இலாகாவே முதன்மையான வாடிக்கைக்காரர். பின்னர்ப் பங்சார் மின்சார நிலையமும் ஈயக் கப்பல்களும் சேர்ந்துகொண்டன. கம்பெனியும் கரியோடு நிற்காமல் செங்கற்சூளை வைத்தது. பலகைத் தொழிற்சாலையும் வைத்தது.

பத்து ஆராங் கரி உயர்ந்த ஜாதிக் கரியன்று. (கரிக்கும் ஜாதி கற்பித்துவிட்டார்களே என்று சிரிக்க வேண்டாம், தரம் என்றே கொள்க.) வேல்ஸ் நாட்டுக் கரியோடு ஒப்பிட்டால் சூடு குறைவு. அதைவிடப் பெரிய தொல்லை, குவித்து வைத்தால் தானே கனன்று தீப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. ஆகவே வெட்டிய கரியை நெடுநாள் சேமித்து வைக்க இயலாது. வெட்டவேண்டும், ஏற்றவேண்டும், எரிக்கவேண்டும். இச்சிறு விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில், சேமிக்க முடியாத பொருளை உற்பத்தி செய்யும் தொழிலாளி ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மறுவாரமே ரயிலும் மின்சாரமும் தடுமாறும். ரப்பர் மரத்தைப் பத்து நாள் சீவாவிட்டால் பால் மரத்திலேயே இருக்கும்; துரைக்கு அவசரமில்லை. கரியின் கதை அப்படிப்பட்டதன்று.

இனி, கரி வெட்டியவர் யார் என்று பார்ப்போம். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். இந்தியரும் அங்கே வேலை செய்தனர். வெட்டிய கரி வெளியே வந்தபின் நடந்த கதையிலோ தமிழன் கை இல்லாத இடமே இல்லை எனலாம். தண்டவாளம் போட்டவன் தமிழன். அதைச் செப்பனிட்டவன் தமிழன். செந்தூல் பட்டறையில் சம்மட்டி பிடித்தவன் தமிழன். ஸ்டேஷனில் கணக்கு எழுதியவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழர். சீனத் தொழிலாளி தோண்டிய கரியைத் தமிழ்த் தொழிலாளி போட்ட பாதையில்தான் கொண்டுபோனார்கள். ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் அறியார். அறியாதபடி வைப்பதற்கே ஓர் ஏற்பாடு இருந்தது.

தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. தோட்டத் தமிழனைக் கங்காணி கொண்டுவந்தான். ஊரில் முன்பணம் கொடுத்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி, பினாங்கில் இறக்கினான். நான் வசிக்கும் பாயான் பாருவுக்கு எதிரே கடலில் தெரியும் ஜெரெஜா தீவில் அம்மக்களை அடைத்து வைத்து, நோய் இல்லை என்று கண்டபின்பே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டும். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. சீனச் சுரங்கத் தொழிலாளியின் நிலைமை வேறு விதம். அவன் பேர் கம்பெனிக் கணக்கில் இருக்காது. கம்பெனி ஒரு குத்தகைக்காரனிடம் இத்தனை டன்னுக்கு இவ்வளவு என்று பேசும். குத்தகைக்காரன் தன் கீழ் ஆட்களை வைத்துக்கொள்வான். கூலியில் எவ்வளவு பிடிப்பது என்பது அவன் இஷ்டம். அக்காலத்து மலாயாச் சுரங்கங்களில் அரிசியும் அபினியும் அவன் மூலமாகவே விற்கப்பட்டதும் உண்டு. தமிழனுக்குக் கள், சீனனுக்கு அபினி; கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது; அபினியோ சர்க்காரே ஏகபோகமாக விற்ற சரக்கு.

செக்ரோலில் பேர் இருப்பதில் ஒரு நன்மை உண்டு: அடி வாங்கினாலும் யார் அடி வாங்கினான் என்று தெரியும். குத்தகைக்காரனின் ஆளுக்கு அதுவும் இல்லை. கூலி போதவில்லை என்று அவன் முறையிட்டால், 'நீ எங்கள் ஆள் அல்லவே' என்று கம்பெனி சொல்லலாம். ஆகவேதான் பத்து ஆராங் தொழிலாளரின் கோரிக்கைகளில் கூலி உயர்வுக்குச் சமமாகக் குத்தகை முறையை ஒழிக்கவேண்டும் என்ற கோரிக்கையும் நின்றது. அதைக் கேட்டவர்கள் அறிவில் சிறந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். இன்றைக்கும் நம் நாட்டில் குத்தகைக்காரன் மூலம் வேலைக்கு வரும் அந்நிய நாட்டுத் தொழிலாளரின் கணக்கை எழுதுகிற எவருக்கும் அக்கோரிக்கையின் பொருள் விளங்கும்.

1930-க்குப் பின் உலகமெங்கும் வந்த வியாபார மந்தத்தில் ஈயமும் ரப்பரும் விலை வீழ்ந்தன. கூலியும் வெட்டப்பட்டது. 1936-ல் விலைகள் ஏறின. வெட்டப்பட்ட கூலியோ ஏறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் பத்து ஆராங்கில் வேலைநிறுத்தம் எழுந்தது. அது ஒருவாறு அடங்கியது; ஆனால் 1937 மார்ச்சு மாதத்தில் மறுபடி மூண்டபோது, மலாயா அதுவரை கண்டிராத விதமாக மூண்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் சுரங்கத்தையே தங்கள் வசப்படுத்திக்கொண்டனர். வழிகளில் தங்கள் காவலரை நிறுத்தி, தங்கள் கமிட்டியின் உத்தரவின்படி ஊரை நடத்தினர். பின்னின்றவர்களில் கம்யூனிஸ்டுகள் இருந்தனர் என்பது உண்மை. அக்கட்சி மலாயாவில் 1930-லேயே அமைந்துவிட்டது. ஆனால் வெளியிலிருந்து வந்த தூண்டுதலால் மட்டும் அத்தனை ஆயிரம் பேர் வேலையை விட்டார்கள் என்பது முதலாளிமார் சொல்லும் கதை. பசியில்லாத வயிற்றை எந்தக் கட்சியும் தூண்ட முடியாது.

சர்க்கார் நடுங்கியது. கரி நின்றால் என்ன ஆகும் என்று மேலே சொன்னோம். மார்ச்சு 27-ந் தேதி போலீசார் பெருந்திரளாகப் புகுந்து சுரங்கத்தைக் கைப்பற்றினர். பட்டாளமும் பின்னால் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தது. முன்னின்றவர்களைச் சீனாவுக்கு நாடு கடத்தினார்கள். பிறந்த மண்ணுக்கு அனுப்புவதைத் தண்டனையாக வைத்திருந்த சர்க்கார், நாற்பது வருஷம் உழைத்தவனையும் இம்மண்ணுக்கு உரியவன் என்று கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

அடக்கியபின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அதே மாதம் காஜாங் பக்கத்துச் சீன ரப்பர்த் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். அவ்வாண்டிலேயே, மந்தகாலத்தில் வெட்டப்பட்டிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் தினக்கூலி ஆணுக்கு 50 சென்று, பெண்ணுக்கு 40 சென்று என்ற பழைய அளவுக்குத் திரும்பியது. ரப்பர் விலை ஏறியதும், இந்திய சர்க்காரின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் வந்து பார்த்துப்போனதும் காரணம் என்பர், மறுக்கவில்லை. சீனத் தொழிலாளி காட்டிய கோபத்தின் சூடு துரைமாரின் முதுகில் பட்டதும் ஒரு காரணம் என்பதை நம்மவர் எழுதிய சரித்திரங்களில் நான் காணவில்லை. 1938-ல் ரப்பர் விலை இறங்கியதும் அக்கூலியை மறுபடி 45 சென்றுக்கும் 35 சென்றுக்கும் குறைத்தார்கள். இந்திய சர்க்கார் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உதவி பெற்று மலாயாவுக்கு ஆள் வருவதையே தடை செய்தது.

1941-ல் கிள்ளான் தமிழர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனருக்குச் சமமான கூலி வேண்டும் என்பதே அவர்களது முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. கள்ளுக்கடையை மூடவேண்டும், துரை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் நீங்கவேண்டும் என்பவையும் அக்கோரிக்கைகளில் அடங்கும். அவர்களை நடத்திய ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். நான்கு ஆண்டுக்கு முன் பத்து ஆராங்கில் கையாண்ட மருந்தே, கொஞ்சம் கூடுதலாக.

ஜப்பானியர் காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: அவர்கள் கரியை வாரினார்கள், சுரங்கத்தைப் பேணவில்லை. யுத்தத்துக்கு முன், 1940-ல், ஆண்டுக்கு 7½ லட்சம் டன்னுக்கு மேல் வெட்டிய சுரங்கம் அதன்பின் அந்த அளவை எட்டவே இல்லை. யுத்தம் முடிந்தபின் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஒரே சம்மேளனத்தின் கீழ்க் கூடிய ஒரு குறுகிய காலம் உண்டு. அதன் தலைவராய் இருந்தவர் தஞ்சை ஜில்லாவில் பிறந்த எஸ். ஏ. கணபதி. 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது, சம்மேளனம் கலைந்தது. ஜூலையில் கம்யூனிஸ்டுப் படையினர் பத்து ஆராங்கைத் தாக்கி, இயந்திரங்களை உடைத்து, ஐந்து பேரைக் கொன்றனர். கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு எந்தத் தத்துவமும் ஆறுதல் தந்திராது. கணபதியை 1949 மே மாதம் 4-ந் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

சுரங்கத்தைச் சாகடித்தது துப்பாக்கியன்று, எண்ணெய். ரயில் இஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. பிறகு டீசல் இஞ்சின் வந்தது. மின்சார நிலையங்களும் கரியைக் கைவிட்டன. 1960-ல் பத்து ஆராங் மூடப்பட்டது. 45 ஆண்டுகளில் அச்சிறு பள்ளம் கொடுத்த கரி சுமார் 1½ கோடி டன். இன்று பழைய பள்ளங்களில் நீர் நின்று ஏரிகளாகிவிட்டன. சூளைப் புகைபோக்கிகளை மரவேர் பற்றிக்கொண்டிருக்கிறது. வீடுகளுக்கு அடியில் பழைய சுரங்கவழிகள் கிடக்கின்றன. நம் மின்சாரமோ மறுபடி கரிக்கே திரும்பியிருக்கிறது: பேராக்கில் மஞ்சோங் கடற்கரை நிலையத்துக்கு இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கரிக்கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன.