மலாயாப் பென்சனும் கனடாக் குழாய்ப் பங்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் செல்லும் வீதியில் இருக்கிறது சண்டிலிப்பாய். கல்வளைப் பிள்ளையார் கோயிலையும் சீரணி நாகபூசணி அம்மன் கோயிலையும் கொண்டு இவ்வூரை அறிந்தவர்கள் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கிறார்கள். வலிகாமத்தின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் பழைய கல்வீடுகள் சிலவற்றைக் காட்டி, "அது மலாயன் பென்சனியர் வீடு" என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டைக் கட்டியவர் பெயர் மறந்துபோயிருக்கும். பென்சன் மட்டும் நினைவில் நிற்கும்.

அண்மையில் ஸ்காபரோவில் ஒரு கொண்டாட்ட வீட்டில் அவ்வூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய பேரனார் மலாயா றெயில்வேயில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டுக்குப் பின் என்னைத் தனியே அழைத்து அவர் கேட்டார்: "தம்பி, நீர் பேப்பர்காரன். இந்தக் குழாய்க் கொம்பனிப் பங்குகளை வாங்கிப் போட்டால், பேரனாருக்கு வந்த பென்சன் மாதிரி சாகும்வரை காசு வரும் என்று பெடியன் சொல்லுறான். உண்மையோ?"

அந்த இடத்தில் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பிய பின்னர்தான், இது பணக் கேள்வி மட்டுமன்று, நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு சரித்திரக் கேள்வியும் கூட என்பது புலப்பட்டது.

மலாயாவின் முதல் புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. பாதைகள் நீளநீள, ஆங்கிலம் தெரிந்த, கணக்கெழுதத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்தில் பணிபுரிந்து மலாயாவுக்குச் சென்ற சார்ள்ஸ் எட்வின் ஸ்பூனர், 1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் புகையிரத சேவைக்குப் பொது முகாமையாளரானார். அவருக்கு யாழ்ப்பாணத்தாரைத் தெரிந்திருந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியும், அதன் வழிவந்த மிஷன் பள்ளிகளும், பின்னர் சைவப் பள்ளிகளும் உருவாக்கி வைத்திருந்த இளைஞர்கள் அங்கே லிகிதர்களாகவும், நிலைய அதிபர்களாகவும், நில அளவையாளர்களாகவும் அமர்ந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இன்றும் நிற்கும் கந்தசுவாமி கோயில் அவர்களுடைய அடையாளம்.

அவர்கள் விரும்பியது சம்பளத்தை மட்டுமல்ல. சம்பளத்துக்குப் பின்னால் இருந்த பென்சனே பெரிய கவர்ச்சி. ஐம்பத்தைந்து வயதில் ஊருக்குத் திரும்பி, வேட்டி சால்வையுடன் திண்ணையில் இருந்து, மாதாமாதம் வரும் பணத்தில் பிள்ளைகளைப் படிப்பித்து, கோயில் திருவிழாவில் ஓர் உபயமும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அது. தென்னிலங்கை அரச உத்தியோகத்தர் அனுப்பிய பணத்தையும் சேர்த்து, யாழ்ப்பாணத்துக்கு 'மணியோடர் பொருளாதாரம்' என்ற பெயரே ஏற்பட்டது.

இந்தப் பென்சனின் பலத்துக்கு நாணயமும் ஒரு காரணம். 1906 முதல் மலாயா டொலரின் பெறுமதி 2 ஷில்லிங் 4 பென்சாக நிலைநிறுத்தப்பட்டிருந்தது. 1927க்குப் பின் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்சாக இருந்தது. ஆகவே 100 டொலர் பென்சன் ஊரில் ஏறத்தாழ 155 ரூபாய். இன்று மலேசிய ரிங்கிட் ஒன்றுக்கு அதைவிடப் பல மடங்கு கூடுதலான ரூபாய் கிடைக்கிறது. ரிங்கிட் உயர்ந்ததைவிட நமது ரூபாய் விழுந்ததே இதில் பெரும்பங்கு என்றாலும், வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது என்பது வருமானத்தின் அளவைப் போலவே முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அசையாதது என்று எதுவும் இருக்கவில்லை. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. அவர்கள் அச்சிட்ட, வாழைமர நோட்டு என்று மக்கள் அழைத்த தாள்கள், 1945இல் வெறும் கடதாசியாகின. அதற்கு முன்பும் பாடங்கள் உண்டு. கோப்பிப் பயிர் நோயால் அழிந்ததைத் தொடர்ந்து 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி வீழ்ந்தபோது, அதன் நோட்டுகளைக் கையில் வைத்திருந்த இலங்கையர் கலங்கினார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசின் உத்தரவாதம் கொடுத்தே பீதியைத் தணித்தார். 1906 ஒக்டோபரில் சென்னையில் ஆர்பத்நொட் நிறுவனம் முறிந்தது. அதில் வைப்பிட்டிருந்த ஓய்வூதியரும் உத்தியோகத்தரும் வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது அந்த அடியின் விளைவாகத்தான். 'பெரிய இடம், விழாது' என்ற எண்ணமே இரு சம்பவங்களிலும் மக்களை ஏமாற்றியது.

இதனாலோ என்னவோ, யாழ்ப்பாணத்தார் பென்சன் பணத்தைக் காணியாக மாற்றினார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் ஒற்றி என்றோர் ஏற்பாடு உண்டு. பணம் கொடுத்தவர் காணியைக் கையேற்று, அதன் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதல் திரும்பி வந்ததும் காணி உரியவரிடம் திரும்பும். முதலுக்கு மோசமில்லை, ஆண்டுதோறும் விளைவு உண்டு என்பதே அதன் கவர்ச்சி. பங்கிலாபம் என்ற சொல்லைக் கேள்விப்படாத காலத்திலேயே அந்த எண்ணம் நம்மவர் மனத்தில் ஊறியிருந்தது.

இனிக் கனடாவுக்கு வருவோம். 1983க்குப் பின் நம்மவர் அங்கே குவியத் தொடங்கினார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றியது நாடறிந்த செய்தி. அன்று முப்பது வயதில் வந்தவர்களுக்கு இன்று எழுபது வயதாகிறது. கனடாவின் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு முழுமையாகக் கிடைக்க, பதினெட்டு வயதுக்குப் பின் நாற்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 33 வயதில் வந்து 65 வயதில் அதைப் பெறத் தொடங்குபவருக்கு நாற்பதில் முப்பத்திரண்டு பங்கு, அதாவது எண்பது சதவீதமே கிடைக்கும். கனடா ஓய்வூதியத் திட்டமும் உழைத்துச் செலுத்திய அளவுக்கே தரும். தொழிற்சாலையிலும் உணவகத்திலும் உழைத்தவர்களுக்குப் பேரனாரின் பென்சன் போன்ற ஒன்று இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பெரியவரின் மகன் குழாய்ப் பங்குகளைக் காட்டியிருக்கிறான்.

அக்குழாய்களுக்கும் சரித்திரம் உண்டு. 1947 பெப்ரவரி 13ஆம் திகதி அல்பேர்ட்டாவில் லெடுக் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. அதைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல 1949இல் இன்டர்புரொவின்ஷியல் பைப்லைன் நிறுவனம் தோன்றியது. அதுவே 1998இல் என்பிரிட்ஜ் எனப் பெயர் மாறியது. இயற்கை வாயுவை மேற்கிலிருந்து கிழக்குக்குக் கொண்டுவர 1951இல் டிரான்ஸ்கனடா நிறுவப்பட்டது. அதற்குக் கடன் கொடுக்கும் மசோதாவை 1956இல் விவாதத்தை முடக்கி நிறைவேற்றியது லிபரல் அரசு. மறு ஆண்டுத் தேர்தலில் அது தோற்றதற்கு அந்த விவாதமும் ஒரு காரணம். 1958இல் குழாய் மொன்றியலை எட்டியது.

இந்நிறுவனங்கள் பெரும்பாலும் எண்ணெயை விற்பதில்லை. ஏற்றிச் செல்வதற்குக் கூலி வாங்குகின்றன. பல குழாய்களின் கூலியை அரசின் ஒழுங்குபடுத்தும் சபை மேற்பார்க்கிறது. பல ஒப்பந்தங்களில், எண்ணெய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இடத்துக்குப் பணம் செலுத்தியாக வேண்டும். ஆகவே எண்ணெய் விலை ஏறி இறங்கினாலும் வருமானம் அவ்வளவாக ஆடுவதில்லை. என்பிரிட்ஜ் முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து பங்கிலாபத்தை உயர்த்தி வந்திருக்கிறது. பெரியவரின் மகன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. டிரான்ஸ்கனடா 1999இன் இறுதியில் தனது பங்கிலாபத்தைக் கணிசமாகக் குறைத்தது. இன்டர் பைப்லைன் என்ற நிறுவனம் 2020 மார்ச்சில், மாதம் பங்கொன்றுக்கு 14.25 சதமாக இருந்ததை 4 சதமாக வெட்டியது. ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கு மாதம் 142 டொலர் 50 சதம் வந்த இடத்தில் 40 டொலர் வந்தது. 2008இல் முன்வைக்கப்பட்ட கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய், அமெரிக்காவில் அரசுகள் மாறமாற மறுக்கப்பட்டும் அனுமதிக்கப்பட்டும் இழுபட்டு, 2021இல் கைவிடப்பட்டது. 2019இல் டிசி எனர்ஜி எனப் பெயர் மாற்றிக்கொண்ட பழைய டிரான்ஸ்கனடா, அதனால் 200 கோடி டொலருக்கு மேல் நட்டக்கணக்கு எழுதியது. குழாய் நிறுவனங்கள் பெருங்கடனில் நடப்பவை. 2022இல் வட்டி வீதம் ஏறியபோது அந்தச் சுமையும் ஏறியது.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. குழாய் யாரோ ஒருவருடைய நிலத்தின் ஊடாகவே போகிறது. பிரித்தானிய கொலம்பியாவில் கோஸ்டல் காஸ்லிங்க் குழாய்க்கு வழியிலிருந்த தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்குடிச் சபைகள் இணங்கின. வெட்சுவெட்டன் மக்களின் பரம்பரைத் தலைவர்கள் இணங்கவில்லை. 2020இல் அவர்களுக்கு ஆதரவாக நாடெங்கும் புகையிரதப் பாதைகள் மறிக்கப்பட்டன. காணி பறிபோவதன் வலியை அறிந்த நாம், நமக்கு வரும் பங்கிலாபம் எந்த மண்ணைத் தாண்டி வருகிறது என்று ஒருமுறையேனும் கேட்டுக்கொள்வது நல்லது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்து நடந்தது. சண்டிலிப்பாய் மக்களும் நடந்தார்கள். பலர் கையில் எடுத்தவை காணி உறுதியும் நகையும் பிள்ளைகளின் சான்றிதழ்களும். காணியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்த பணம் அவர்களைத் தேடித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனது. தூரத்து வருமானத்தின் அருமையை அந்த நாட்கள் உணர்த்தின. பென்சனியரின் வீடுகளில் பணம் ஒரே இடத்தில் கிடக்கவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்: கொஞ்சம் பென்சன், கொஞ்சம் தோட்டக்காணி, கொஞ்சம் ஒற்றி, கொஞ்சம் பிள்ளைகளின் படிப்பு.

மறுவாரம் பெரியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணை, பேரனாரின் பென்சன் அரசாங்கம் கொடுத்த வாக்கு. பங்கிலாபம் அப்படியல்ல, இயக்குநர் சபை ஒவ்வொரு முறையும் கூடி முடிவெடுப்பது. கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. ஒற்றி மாதிரியும் அல்ல. முதல் அப்படியே திரும்பும் என்று எவரும் எழுதித் தரவில்லை. ஆனால் பென்சன் ஆளோடு போய்விடும், பங்கு பிள்ளைக்குப் போகும். வாங்குவதென்றால் ஒரு பகுதிக்கு வாங்குங்கள். நாளைக்கு அரைவாசியாக வெட்டினாலும் அடுப்பு எரிய வேண்டும், அந்த அளவோடு நில்லுங்கள்" என்றேன்.

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "பேரனாரும் பென்சன் வந்த கையோடு முதலில் ஒரு மூட்டை நெல்லுத்தான் வாங்கிப் போடுவார்."