தவறான மைக்கில் வாசித்த 27 சுற்றுகள்

நல்ல கருவிகளும் தேர்ந்த பொறியாளர்களும் இருந்தால் ஒரு கச்சேரியை அப்படியே பதிவு செய்துவிடலாம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1956-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஜாஸ் கச்சேரியின் கதை அதற்கு நேர்மாறானது. அன்று கருவிகளுக்குக் குறைவில்லை, ஆட்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் அந்த இரவின் உச்சமான வாசிப்பு, பதிவு செய்ய வந்த நிறுவனத்தின் நாடாவில் சரியாக விழவில்லை. உலகம் அதைத் தெளிவாகக் கேட்க 43 ஆண்டுகள் ஆயின!

டியூக் எல்லிங்டன் ஜாஸ் இசையின் மாபெரும் மேதைகளில் ஒருவர். ஆனால் 1950-களின் தொடக்கத்தில் அவருடைய குழுவுக்குச் சோதனைக் காலம். பெரிய வாத்தியக் குழுக்களுக்கு மவுசு குறைந்துவிட்டது. அவர் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அந்த நிலையில்தான் 1956 ஜூலை 7 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசிக்க வந்தார்.

மேடையில் இரண்டு தரப்பினர் மைக் வைத்திருந்தார்கள். ஒன்று, இசைத்தட்டு வெளியிட வந்திருந்த கொலம்பியா நிறுவனம். மற்றொன்று, வெளிநாடுகளுக்கு ஒலிபரப்பும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி. இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பதிவு செய்தன.

அன்று இரவு எல்லிங்டன் 1937-ல் தான் எழுதிய இரண்டு பழைய படைப்புகளைக் கையில் எடுத்தார். 'டிமினுவெண்டோ இன் ப்ளூ', 'கிரெசண்டோ இன் ப்ளூ' என்பவை அவை. இரண்டுக்கும் நடுவே டெனார் சாக்ஸபோன் கலைஞர் பால் கன்சால்வஸ் தனியாக வாசிக்க வேண்டும். அவர் எழுந்து முன்னால் வந்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு சுற்று என்பது 12 தாள அளவுகள். ஐந்து சுற்று, பத்து சுற்று, இருபது சுற்று... நிறுத்தவே இல்லை. கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஆட, மற்றவர்களும் எழுந்தார்கள். கூச்சல் விண்ணைப் பிளந்தது. 27 சுற்றுகள் முடிந்த பிறகுதான் அவர் ஓய்ந்தார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். கன்சால்வஸ் வாசித்தது கொலம்பியாவின் மைக்கில் அல்ல, பக்கத்தில் இருந்த வானொலியின் மைக்கில்!

இது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். திறந்தவெளியில் மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். அருகில் இருக்கும் டிரம்ஸும் பியானோவும் முந்திக்கொள்ளும். இன்றைக்கு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்து, பிறகு கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறோம். கொலம்பியா அன்று பதிவு செய்ததோ மோனோவில். எல்லா ஒலியும் ஒரே தடத்தில் கலந்துவிட்டால் ஒன்றை மட்டும் பிரித்து உயர்த்த வழியில்லை.

விழாவுக்காகப் புதிதாக எழுதிய படைப்பும் ஒத்திகை போதாமல் தடுமாறியிருந்தது. எனவே இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவில் பல பகுதிகளை மீண்டும் வாசித்துப் பதிவு செய்து, கைதட்டலைச் சேர்த்து ஒட்டினார்கள். கன்சால்வஸின் வாசிப்பு மேடைப் பதிவாகவே இடம்பெற்றது, ஆனால் எங்கோ தூரத்தில் இருந்து வருவது போல. 'எல்லிங்டன் அட் நியூபோர்ட்' என்று வெளிவந்த அந்த இசைத்தட்டு எல்லிங்டனின் மற்ற எல்லா இசைத்தட்டுகளையும் விட அதிகம் விற்றது. அதே ஆகஸ்டில் டைம் இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. நியூபோர்ட்டில்தான் பிறந்தேன் என்று பின்னாளில் அவரே சொல்லிக்கொள்வார்.

ஒட்டுப்போட்ட பதிவுதான் அவருக்கு மறுவாழ்வு தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வாங்கியவர்கள் அதை முழு மேடைக் கச்சேரி என்று நம்பியே கேட்டார்கள். ரசிகனுக்கு இது நியாயமா?

பதில் 1990-களில் கிடைத்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பழைய நாடா அகப்பட்டது. கன்சால்வஸ் அதில் அருகில் நின்று வாசிப்பது போலத் தெளிவாக இருந்தார். ஃபில் ஷாப் என்ற ஜாஸ் ஆய்வாளரும் குழுவினரும் இரண்டு நாடாக்களையும் கணினியில் இணைத்தார்கள். இது எளிய வேலை அல்ல. எந்த இரண்டு நாடா இயந்திரங்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நொடியில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே எதிரொலி போலக் கேட்கும். பொறுமையாக ஒத்திசைத்து, ஒரு நாடாவை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தபோது, யாரும் திட்டமிடாத ஸ்டீரியோ பதிவு ஒன்று உருவானது! 1999-ல் அது முழுமையாக வெளிவந்தது. தடுமாற்றங்களும் உண்மையான ஆரவாரமும் அப்படியே அதில் இருக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை இதில் பாடம் ஒன்றுதான். மைக் என்பது ஓரிடத்தில் நின்று பார்க்கும் சாட்சி. எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் தான் நிற்கும் இடத்தில் இருந்து கேட்பதைத்தான் சொல்லும். கொலம்பியாவின் சாட்சி பொய் சொல்லவில்லை, தள்ளி நின்றுவிட்டது. அவ்வளவுதான். அன்று இரண்டாவது சாட்சி ஒன்று இருந்ததும், அந்த நாடாவை யாரும் அழிக்காமல் விட்டதும் நம் அதிர்ஷ்டம். உங்கள் ஊர்க் கச்சேரியைப் பதிவு செய்யும் வாய்ப்பு வந்தால், முக்கிய மைக்குகளோடு இன்னொரு மைக்கைத் தனியாக வையுங்கள். கலைஞன் உணர்ச்சிவசப்படும்போது எந்த மைக் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். பார்க்கவும் கூடாது!