ஒரே டிராலி, இரண்டு சுபாவம்

கேஸ் வெல்டிங் பட்டறையில் சுவரோரமாக ஒரு டிராலி நிற்கும். அதில் உயரமாய், கறுப்பாய் ஒரு சிலிண்டர்: ஆக்சிஜன். பக்கத்தில் அரக்கு நிறத்தில் இன்னொன்று: அசிட்டிலின். பட்டறைக்காரர்கள் அதை 'டிஏ' என்பார்கள். கரைந்த அசிட்டிலின் என்று அர்த்தம். இரண்டையும் ஒரே சங்கிலி கட்டியிருக்கும். இரண்டும் ஒரே டார்ச்சில் போய்ச் சேரும். புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு இரண்டுமே 'சிலிண்டர்'தான். ஒன்றிடம் பழகிய பழக்கத்தை மற்றதிடம் காட்டும்போதுதான் விபத்துக்கு வழி திறக்கிறது.

ஆக்சிஜன் சிலிண்டருக்குள் ஆக்சிஜனைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒட்டில்லாத கனத்த எஃகுக் கூடு அது. ஏறத்தாழ 47 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் 7 கன மீட்டர் வாயுவை அடைத்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று அதே அளவு இடத்துக்கு இரண்டு கிலோ சொச்சம்தான்.

அசிட்டிலினை அப்படி அழுத்த முடியாது. தனித்த நிலையில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போனாலே, காற்றின் துணைகூட இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. அதனால் அந்தச் சிலிண்டரின் உட்புறம் முழுக்க நுண்துளைகள் நிறைந்த திடப்பொருளால் அடைபட்டிருக்கும். துளைகளில் அசிட்டோன் ஊறியிருக்கும். அசிட்டோனில் வாயு கரைந்திருக்கும். இந்த ஏற்பாடு கைகூடியதால்தான் சுமார் 15 கிலோ அழுத்தத்தில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோக முடிகிறது. அந்த நுண்துளைப் பொருளைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் சுவீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் தாலேன். கலங்கரை விளக்குகளை அசிட்டிலினால் எரியவைத்த அவருக்கு 1912இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அசிட்டிலின் சிலிண்டர்களைச் சோதிக்கும்போது நேர்ந்த வெடிப்பில் பார்வையை இழந்தார். பரிசை வாங்க அவருடைய சகோதரர்தான் போனார். அந்த வாயுவை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அன்று அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

இந்த உள்ளமைப்பு வேறுபாட்டிலிருந்தே மற்ற வேறுபாடுகள் பலவும் பிறக்கின்றன. ஆக்சிஜன் சிலிண்டரை உருளாதபடி முட்டுக் கொடுத்துப் படுக்க வைக்கலாம். டிஏவைப் படுக்க வைத்தால் அசிட்டோன் வால்வுப் பக்கம் வந்துவிடும். திறந்ததும் வாயுவோடு சேர்ந்து வெளியேறி ஹோஸையும் ரெகுலேட்டரையும் கெடுக்கும். வண்டியில் படுத்து வந்த டிஏவை நிமிர்த்தி, போதிய நேரம் நிற்கவிட்ட பிறகே திறக்க வேண்டும். கேஜைப் படிப்பதிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆக்சிஜன் கேஜ் முள் பாதிக்கு இறங்கினால் வாயுவும் பாதி தீர்ந்தது என்று பொருள். டிஏவில் அந்தக் கணக்கு செல்லாது. வெயில் ஏறினால் முள்ளும் ஏறும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை எடை போட்டுத்தான் சரியாக அறிய முடியும்.

வால்வு திறப்பதும் அப்படியே. ஆக்சிஜன் வால்வை மெதுவாகத் தொடங்கி முழுமையாகத் திறக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் தண்டின் ஓரமாகக் கசியலாம். டிஏவை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது. சாவியையும் வால்விலேயே விட்டுவைக்க வேண்டும், அவசரத்தில் ஒரு திருப்பில் மூடுவதற்காக. மாற்றி மாட்டிவிடாமல் இருக்க ஆக்சிஜன் நட்டுக்கு வலப்புரி மரை, அசிட்டிலினுக்கு இடப்புரி மரை.

இரண்டில் எது பயங்கரமானது என்று கேட்டால், எல்லாரும் அசிட்டிலினைத்தான் சொல்வார்கள். அது எரியும் வாயு. கசிந்தால் பூண்டு வாடை போல மூக்கில் ஏறி எச்சரிக்கும். அதனால் அதனிடம் ஓர் அச்சம் இருக்கிறது. ஆக்சிஜனிடம் அந்த அச்சம் இல்லை. மூச்சுக்கு உதவுவது, உயிர் காப்பது என்ற நல்ல பெயர் அதற்கு. அன்றாடப் புழக்கத்தில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது ஆக்சிஜன்தான் என்பது என் உறுதியான கருத்து. அது தானாக எரியாது. எரிவதை எல்லாம் வெறிகொண்டு எரியவைக்கும். வாடையும் இல்லை. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன், மூடிய அறையில் கசிந்து 24 சதவீதத்தைத் தாண்டினால் உடுத்திய துணியே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். சட்டைத் தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதித் தட்டுவது சாவோடு விளையாடுவது.

எண்ணெய் விஷயமும் இருக்கிறது. பட்டறையில் எது இறுகினாலும் கை தானாக எண்ணெய்க் குப்பியைத் தேடும். ஆக்சிஜன் வால்விலோ ரெகுலேட்டரிலோ ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸ் விரலோ பட்டால், பாய்ந்து வரும் வாயுவில் அது நெருப்புக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கலாம். அசிட்டிலினுக்கு ஆகாதது செம்பு. 70 சதவீதத்துக்கு மேல் செம்பு கலந்த குழாயோ இணைப்போ பட்டால், உராய்ந்தாலே வெடிக்கும் ஒரு சேர்மம் உண்டாகும். அறுந்த ஹோஸைச் செம்புக் குழாய்த் துண்டு வைத்து ஒட்டுப்போடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பக்கத்தில் தீப்பிடித்தால் நிலைமை தலைகீழாகிறது. சூடான ஆக்சிஜன் சிலிண்டரைக் குளிரவைத்தால் அழுத்தம் இறங்கிவிடும். டிஏ அப்படி அல்ல; வெளியே தீ அணைந்த பிறகும் உள்ளே சிதைவு மெல்ல நடந்துகொண்டிருக்கலாம், வெடிப்பு பிறகும் வரலாம். சூடுபட்ட டிஏவை யாரும் தூக்கி நகர்த்தக் கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு, தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொல்லி, தொலைவிலிருந்து தண்ணீர் பீய்ச்சச் செய்ய வேண்டும்.

வேலை நேரத்தில் ஒரே டிராலியில் நிற்கலாம். கிடங்கில் பிரிய வேண்டும். எரியும் வாயுச் சிலிண்டர்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே போதிய இடைவெளியோ தடுப்புச் சுவரோ தேவை என்கின்றன இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகள். அமெரிக்க விதி அளவையே சொல்லிவிடுகிறது: 20 அடி தூரம், அல்லது அரை மணி நேரம் தீயைத் தாங்கும் 5 அடி உயரச் சுவர்.

பட்டறை வைத்திருப்பவர்களே, அந்தச் சுவரைக் கட்டுங்கள். தீ ஹோஸ் வழியே பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டரை இரண்டு ரெகுலேட்டரிலும் மாட்டுங்கள். புதிய பையனின் கையில் டார்ச்சைக் கொடுக்கும் முன், கறுப்புச் சிலிண்டர் என்ன, அரக்குச் சிலிண்டர் என்ன என்று அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.