ஆழிப்பேரலையும் ஜமாஅத்துகளின் சேவையும்

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஹிஜ்ரி 1425, துல்கஃதா மாதத்தின் நடுப்பகுதி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்ராவையொட்டிக் கடலடியில் ஏற்பட்ட நில அதிர்ச்சியின் பேரலைகள், ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நம் கரையை எட்டின. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு முதலிய மீனவக் குடியிருப்புகளுக்குள் கடல் புகுந்தது. புதுவை மாநிலத்தில் மாண்டோர் ஏறத்தாழ 600 பேர். அவர்களுள் பெரும்பாலோர் நம் காரைக்கால் பகுதியினரே. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதிகாரிகள் வந்து சேருமுன் அண்டை அயலார் வந்து நிற்பதே எந்தப் பேரிடரிலும் நாம் காண்பது. பரங்கிப்பேட்டையில் நிக்காஹ் விருந்துக்கெனச் சமைக்கப்பட்டிருந்த உணவு அப்படியே மீனவ மக்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அவ்வூர் ஜமாஅத்தார் தொடர்ந்து பல நாட்கள் உணவளித்தனர். வாஞ்சூரைக் கடந்தால் வரும் நாகூரில், தர்கா நிலத்தில் சமய வேறுபாடின்றி உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. யூதர் ஒருவரின் ஜனாஸாவுக்காக எழுந்து நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இதில் தயக்கம் இருக்க நியாயமில்லை. முஸ்லிம் யார், அல்லாதார் யார் எனப் பிரித்தறிய இயலாதபோது அனைவரையும் குளிப்பாட்டி, அவர்களிலுள்ள முஸ்லிம்களுக்கென நிய்யத் செய்து தொழுவிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். கிதாபில் ஓதியபோது இப்படியும் ஒரு நாள் வருமோ என்று எண்ணியிருந்தோம்.

உணவும் கஃபனும் நம்மால் இயலும். வீடும் படகும் இயலா. மாண்டவர் குடும்பத்துக்குப் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து ஒரு லட்சம் ரூபாயும், 2005 முதல் உலக வங்கிக் கடனுதவியுடன் நிரந்தர வீடுகளும் அரசின் வழியாகவே வந்தன. ஆனால் அரசு கேட்பது சான்று. அவசரத்தில் அடையாளம் குறிக்காமல் அடக்கம் செய்யப்பட்டவர்களின் வாரிசுகள் இறப்புச் சான்றிதழுக்காக அலைய நேர்ந்தது. இரக்கத்தோடு செய்த சேவையில் எழுதுகோலை மறந்தோம். கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்று குர்ஆனின் மிக நீண்ட ஆயத்திலேயே கட்டளை பெற்ற சமுதாயம் நாம்!

2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்து வெள்ளம் சூழ்ந்தபோதும் உதவிக்கு இளைஞர்கள் திரண்டனர். அதுவும் எழுதப்படவில்லை.

இவ்விரு பேரிடர்களிலும் களத்தில் நின்ற சகோதரர்கள் தாம் சென்ற ஊர், செய்த பணி, அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை ஜும்ஆவுக்குப் பின் நிர்வாக அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். அதற்கெனத் தனிப் பதிவேடு வைக்கப்பட்டுள்ளது.