பிள்ளையின் பின்னால் சென்ற பியானோ: நார்டாஃப் ராபின்ஸ் நிறுவனத்தின் கதை

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியின் ஆண்டு விழா மலரில், எங்கோ இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனத்தின் வரலாறு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் பாடும் வரவேற்புப் பாட்டு, அது மேசையில் தட்டும் தாளத்தோடு ஆசிரியரும் சேர்ந்து தட்டுவது, விடைபெறும்போது ஒரு பாட்டு என்று இன்று நாம் வெகு இயல்பாகச் செய்கிற பலவற்றை ஒரு முறையாக வகுத்து, பிறருக்குக் கற்றுக்கொடுத்த முன்னோடிகளில் முக்கியமானவர்கள் பால் நார்டாஃப், கிளைவ் ராபின்ஸ் என்ற இருவர். அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கும் நிறுவனத்தின் கதை நமக்கும் வேண்டிய கதைதான்.

இருவரும் சேர்ந்தது 1959இல், வூஸ்டர்ஷயரில் கிளென்ட் என்ற ஊரில் இருந்த சன்ஃபீல்டு குழந்தைகள் இல்லத்தில். தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டெய்னரின் சிந்தனையைப் பின்பற்றி 1930இல் தொடங்கிய இல்லம் அது. நார்டாஃப் அமெரிக்கர், பிலடெல்பியாவில் 1909இல் பிறந்தவர். ஜூலியார்டு இசைப் பள்ளியில் படித்த பியானோ கலைஞர், இசையமைப்பாளர், பார்ட் கல்லூரியில் பேராசிரியர். ஐம்பது வயதை எட்டும் நேரத்தில், நன்றாக நடந்துகொண்டிருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இந்தப் பிள்ளைகளிடம் வந்தார். ராபின்ஸ் அந்த இல்லத்தின் ஆசிரியர். அப்போது முப்பத்திரண்டு வயது. ஒருவருக்கு இசை தெரியும், இன்னொருவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். ஒருவர் பியானோவில் உட்கார, மற்றவர் பிள்ளையின் அருகில் நிற்பது என்ற ஏற்பாடு அங்கேதான் அமைந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஏற்பாடு மாறவில்லை.

அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவர்கள் செய்ததன் அருமை தெரியும். மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியது 1943இல். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு, தாயின் பாசக் குறைவால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்ற கொடுமையான கருத்து மருத்துவ உலகில் செல்வாக்கோடு இருந்தது. எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள் என்று எண்ணும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலாளர், தாமே அத்தகைய பிள்ளையின் தந்தை, 1964இல் எழுதிய புத்தகம்தான் அந்தக் கருத்தை வலுவாக அசைத்தது. நார்டாஃபும் ராபின்ஸும் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. பிள்ளை ஏன் இப்படி என்று கேட்காமல், இப்போது இந்த அறையில் இது என்ன ஓசை எழுப்புகிறது என்றுதான் கேட்டார்கள்.

1960களின் தொடக்கத்தில் அவர்கள் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பகல்நேரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்தார்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான அரசு நிதித் திட்டம் அது. அதன் பெயரிலேயே அந்தப் பிள்ளைகளை மனநோயாளிகள் என்றுதான் குறித்திருந்தார்கள். அன்றைய வழக்கு அப்படி. அங்கு வந்த ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவனை அவர்கள் தங்கள் எழுத்தில் எட்வர்டு என்று அழைக்கிறார்கள். முதல் நாள் அறைக்குள் வரும்போதே அவனுக்கு அழுகை, அலறல். சமாதானப்படுத்த எல்லோரும் நினைப்பது ஒரு தாலாட்டு. நார்டாஃப் தாலாட்டு வாசிக்கவில்லை. அவன் அலறல் எந்தச் சுருதியில் இருந்ததோ அதைப் பிடித்து, அதே வேகத்தோடும் வலிமையோடும் பியானோவில் வாசித்தார். அவன் மூச்சு வாங்கும் இடத்தில் இசையும் மூச்சு வாங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த அலறல் பியானோவின் சுருதிக்குள் வந்து விழ ஆரம்பித்தது. அழுகையாகவே இருந்தது, ஆனால் பதிலாகவும் இருந்தது. அந்த ஒலிப்பதிவை இசை சிகிச்சை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் எடுத்து வைத்துக் கேட்டு, விவாதித்து எழுதினார்கள்.

நம் கச்சேரி மேடையில் நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரின் மனம் போகும் இடத்துக்குக் கூடவே போவார் அல்லவா? அதுதான் இது. பாடகரின் இடத்தில் பிள்ளை. ஒரே வேகத்தில் ஓயாமல் டிரம்மை அடிக்கும் பிள்ளையோடு முதலில் அதே வேகத்தில் வாசிப்பார்கள். சேர்ந்து போகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரிந்த பிறகே சற்று வேகத்தை மாற்றுவார்கள், அல்லது நிறுத்திக் காத்திருப்பார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா, தானும் நிறுத்துகிறதா என்று கவனிப்பார்கள்.

இந்த நிறுவனத்தின் அஸ்திவாரம் பியானோ என்று பலரும் சொல்வார்கள். டேப் ரெக்கார்டருக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அமர்வுகளைப் பதிவு செய்வார்கள். முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து திரும்பக் கேட்பார்கள். எந்த இடத்தில் பிள்ளையின் குரல் மாறியது, எந்த இடத்தில் தாங்கள் அவசரப்பட்டோம் என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் பிள்ளைகளின் எதிர்வினைகளைப் பதின்மூன்று வகைகளாகப் பிரித்த பட்டியலும், உறவை அளக்கும் அளவுகோல்களும் வந்தன. பயிற்சி மாணவர்கள் தங்கள் அமர்வைத் தாங்களே கேட்டுக் குறிப்பெடுக்கும் பழக்கம் அங்கிருந்துதான் வழிவழியாக வருகிறது. இசை தெரிந்த யாரும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். தன் வாசிப்பைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பொறுமை எல்லோருக்கும் வருவதில்லை.

1974இல் தெற்கு லண்டனில் கோல்டி லீ மருத்துவமனையில் முதல் பயிற்சி வகுப்பு தொடங்கியது. அதற்கு உழைத்தவர் சிபில் பெரெஸ்ஃபோர்டு-பியர்ஸ். நார்டாஃபே வந்து பாடம் நடத்தினார். 1977இல் அவர் ஜெர்மனியில் ஹெர்டெக்கெ நகரில் காலமானார்; இருவரும் சேர்ந்து எழுதிய முதன்மையான நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். ராபின்ஸ் தம் மனைவி கேரலுடன் பணியைத் தொடர்ந்து, பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மையத்தை நிறுவி, 2011 வரை வாழ்ந்தார்.

இந்த நிறுவனத்தை நடத்தப் பணத்துக்கு என்ன செய்தார்கள்? பிரிட்டனின் பாப், ராக் இசை உலகம் கைகொடுத்தது. 1976இல் தொடங்கிய சில்வர் கிளெஃப் விருது விழா ஆண்டுதோறும் நிதி திரட்டியது. 1990 ஜூன் 30ஆம் தேதி நெப்வொர்த்தில் பால் மெக்கார்ட்னி, பிங்க் ஃபிளாய்டு, எல்டன் ஜான், எரிக் கிளாப்டன் எல்லோரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். இசையால் சம்பாதித்தவர்கள் பேச்சு வராத பிள்ளைகளுக்காக அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம் திரையிசை உலகமும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இசையால் ஆட்டிசம் குணமாகுமா என்று கேட்கும் பெற்றோருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. ஐந்து மாதம் இசை சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் சமூகத் தொடர்புக் குறைபாட்டு மதிப்பெண், அது பெறாத பிள்ளைகளின் மதிப்பெண்ணைவிடக் குறிப்பிடும்படி மேம்படவில்லை. 26 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, பிள்ளைகளின் ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசை சிகிச்சை உதவக்கூடும் என்கிறது. பேச்சு வரும் என்று அதுவும் உறுதி தரவில்லை. ஸ்பீச் தெரபியை நிறுத்திவிட்டுப் பாட்டு வகுப்புக்கு மட்டும் அனுப்பலாமா என்று யாரேனும் கேட்டால், வேண்டாம் என்பதே பதில்.

ஆனால் வீட்டுக்குள் நடப்பது தனிச் செய்தி. ஆஸ்திரேலியாவில் கிரேஸ் தாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வீட்டுக்கே இசை சிகிச்சையாளர் பதினாறு வாரங்கள் போனார். பெற்றோரை வெளியே உட்கார வைக்கவில்லை. அவர்களும் சேர்ந்து பாடினார்கள், தட்டினார்கள். பிள்ளைகள் வீட்டிலும் வெளியிலும் பிறரோடு கலந்து பழகுவது கூடியது. தங்களுக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவே மாறியது என்று பெற்றோர் சொன்னார்கள். அடுத்த கல்வியாண்டில் நம் இசை வகுப்பில் பிள்ளையின் பக்கத்தில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு பாய் போட்டுவிடலாம். டிரம் ஒன்று கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான் செலவு.