நூறு மேளம் அடிக்கும் ஊர்

அசாமின் குவாஹாத்தியில் இருந்து மேகாலயாவின் தூரா நகரத்துக்குக் கிட்டத்தட்ட 220 கிலோமீற்றர். நானும் நண்பன் ஒருவனும் நெருக்கியடித்த ஒரு சுமோ வண்டியின் பின் இருக்கையில் அந்தத் தூரத்தைக் கடந்தோம். அது நவம்பர் மாதம். காரோ மலை மக்களின் அறுவடை ஆட்டமான வாங்கலாவைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். தூராவில் இருந்து இன்னொரு 18 கிலோமீற்றர் போனால் அசனாங் என்ற ஊர். 'நூறு மேள வாங்கலா' அங்கேதான் நடக்கும்.

அந்த மேளத்துக்கு டாமா என்று பெயர். நீளமாக, ஒடுக்கமாக, மரத்தைக் குடைந்து செய்தது. ஆண்கள் அதைத் தோளில் மாட்டி இரண்டு கையாலும் அடித்தபடி ஆடுவார்கள். தலைப்பாகையில் சேவல் இறகு செருகியிருக்கும். பக்கத்து வரிசையில் பெண்கள், தக்மந்தா என்ற கைத்தறித் துணி உடுத்தி நகர்ந்து வருவார்கள். பித்தளைச் சேமக்கலம் ஒலிக்கும், எருமைக் கொம்பு ஊதப்படும். பத்துக் குழு, குழுவுக்கு முப்பது பேர், பத்து மேளம். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் அடிக்கும்போது சத்தம் காதில் கேட்பதைவிட நெஞ்சாங்கூட்டில்தான் கூடக் கேட்குது.

அசைவுகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒன்றில் புறாக்கள் தீனி கொத்துவது போல் ஆடுகிறார்கள். இன்னொன்றில் ஜம்போலாக்காயைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு, கை தொடாமல் இடுப்பசைவாலேயே அதைச் சுழற்றுகிறார்கள். எல்லாமே காட்டிலும் தோட்டத்திலும் கண்டு பழகினவைதான்.

ஆனால் மைதானத்தில் ஒலிபெருக்கி, பிரமுகர்களின் பேச்சு, எங்களைப் போல கமெராவோட நிற்கிற ஆட்கள். நண்பன் மெதுவாகக் கேட்டான்: "இது உண்மையான வாங்கலாதானா, இல்லாட்டி எங்களுக்குக் காட்டுறதுக்குச் செய்யிறதா?" ஊர் திரும்பும் வரை நாங்கள் கதைத்தது இந்தக் கேள்வியைத்தான். பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

காரோ மக்கள் தங்களை ஆச்சிக் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அவர்களின் பழைய விவசாயம் ஜூம். அதை எங்கட ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, சேனைப் பயிர்ச்செய்கைதான். காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் நெல், தினை, பருத்தி, மிளகாய், கிழங்கு எல்லாம் கலந்து விதைப்பது. ஓரிரு வருடத்தில் அந்த இடத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடம் போவது. வன்னியில் என்ர அப்பப்பா குரக்கனும் எள்ளும் போட்டதும் இப்படித்தான்.

இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சடங்கு இருந்தது. காட்டை எரித்ததும் அகல்மாக்கா, முதல் நெல் கிடைத்ததும் ரொங்சு கலா. கடைசியாக, விளைச்சல் எல்லாம் வீடு வந்தபிறகு வாங்கலா. தானியத்தைத் தந்த மிசி சல்ஜோங் என்ற தெய்வத்துக்கு நன்றி சொல்லி, அவரை வழியனுப்பி வைக்கும் விழா அது. முதலில் ருகாலா. ஊர்த் தலைவரான நொக்மா தன் வீட்டில் புதுத் தானியங்களை வைத்து அரிசிக் கள்ளை வார்ப்பார். பிறகு சாசாட் சோஆ, சாம்பிராணி போன்ற வாசனைப் பிசினை எரிப்பது. அரிசி மாவைக் கரைத்து வீட்டுத் தூண்களில் கை அடையாளம் பதிப்பார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஆட்டம், வீடு வீடாக, நாள் கணக்காக. இதற்குக் குறித்த திகதி கிடையாது. எந்த ஊரில் அறுவடை எப்போது முடியுதோ அப்போதுதான் அந்த ஊர் வாங்கலா.

பிறகு இரண்டு மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. 1866இல் ஆங்கிலேயர் காரோ மலையைத் தனி மாவட்டமாக்கினர். 1872 டிசம்பரில் தோகன் சங்மா தலைமையில் நடந்த எதிர்ப்பும் துப்பாக்கிகளுக்கு முன் தோற்றது. மேகாலயாவில் டிசம்பர் 12 இன்றும் அவருடைய நினைவு நாள். மற்றது மதம். 1863இல் ஓமெத், ராம்கே என்ற இரண்டு காரோக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1867இல் ராஜாசிம்லாவில் முதல் காரோ பப்ரிஸ்ற் திருச்சபை தொடங்கியது. பள்ளிக்கூடமும் எழுத்தும் மருத்துவமும் இதனோடுதான் வந்தன. ஆனால் திருச்சபையில் சேர்ந்தவர் அரிசிக் கள்ளையும் பலிச் சடங்கையும் விட வேண்டியிருந்தது. கள்ளும் சடங்கும் இல்லாமல் வாங்கலா எப்படி நடக்கும்? பழைய சமயத்தில் நின்றவர்களைச் சொங்சரேக் என்பார்கள். மானிடவியலாளர் றொபின்ஸ் பர்லிங் 1950களின் நடுப்பகுதியில் ரெங்சாங்ரி என்ற கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தபோது சொங்சரேக் ஊர் வாழ்க்கை அங்கே உயிரோடு இருந்தது. இன்று காரோக்களில் மிகப் பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்கள்.

1972 ஜனவரியில் மேகாலயா தனி மாநிலமானது. கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்து, 1976 டிசம்பரில், அசனாங்கில் முதல் நூறு மேள வாங்கலா நடந்தது. சடங்கு ஊர் ஊராக அற்றுப்போனாலும் மேளமும் அடவும் போய்விடக் கூடாது என்ற கவலையில் பிறந்த விழா அது. அன்றிலிருந்து வாங்கலாவுக்கு ஒரு திகதியும் மைதானமும் வந்தது. தேவாலயத்துக்குப் போகிற பிள்ளையும் சொங்சரேக் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று ஆடக்கூடிய ஒன்றாக அது மாறியது.

எல்லை தாண்டிப் பார்த்தால் இன்னொரு கதை. 1947இல் கோடு கீறியபோது ஒரு பகுதிக் காரோக்கள் இப்போதைய பங்களாதேஷ் பக்கம் போய்விட்டார்கள். அங்கே மதுபூர்க் காட்டில் 1950களில் சேனை தடைசெய்யப்பட்டது. வாங்கலா மட்டும் சாகவில்லை. கத்தோலிக்கப் பங்குகளில் நவம்பர் கடைசியில் வரும் கிறிஸ்து அரசர் திருவிழாவோடு சேர்த்து அதைக் கொண்டாடுகிறார்கள். புது நெல் இப்போது பீடத்துக்குப் போகிறது.

ஆகவே நண்பனின் கேள்விக்கு என்ர பதில் இது: அசனாங்கில் பார்த்தது பொய் இல்லை. அது 1976இல் பிறந்த வாங்கலா, அதற்கும் இப்போது ஒரு வரலாறு இருக்கு. ஆனால் ஆட்டத்தை மேடைக்குக் கொண்டுவர முடிந்த அளவுக்கு நிலத்தைக் கொண்டுவர முடியவில்லை. காரோ மலையில் காணி தாய்வழிக் குலத்துக்குச் சொந்தம், தாயிடமிருந்து மகளுக்குப் போவது. நொக்மா என்பவரே அந்த வாரிசுப் பெண்ணின் கணவர்தான். சேனைக்காரர் யாருக்கும் தனிக் காணி தேவைப்படவில்லை, இந்த வருடம் இங்கே, அடுத்த முறை அங்கே. இப்போது தூரா போகும் வழியெல்லாம் கமுகும் கஜுவும் இறப்பரும் நிற்கின்றன. மரம் நட்டவன் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டான். பொதுக்காணி மெல்ல மெல்லத் தனிக்காணி ஆகுது. நூறு மேளம் அடிக்கிற இடத்தில் நின்றால் இது தெரியாது. எனக்கும் பாதையில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

இதைச் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம்தான். 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேடர்களின் வேட்டைக் காடு அவர்களுக்கு மூடப்பட்டது. ஆனால் தம்பானைக்குப் போகிற உல்லாசப் பயணிகளுக்கு ஆட்டம் இன்றும் காட்டப்படுகிறது. காட்டை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் கேட்கிற பழக்கம் எங்கட நாட்டுக்கும் புதிதில்லை.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போங்கோ. நவம்பர் நடுப்பகுதி சரியான காலம், குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுங்கோ. மேளம் தொடங்க முதல் பக்கத்து ஊர்களை நடந்து பாருங்கோ. என்ன விளையுது, யாருடைய காணி, சேனை கடைசியாக எப்போது வெட்டினது என்று கேளுங்கோ. பிறகு வந்து ஆட்டத்தைப் பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

நான் கேட்டேன். அப்படிக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு வயதானவர் என்னைத் திருப்பிக் கேட்டார், உங்கட ஊரிலும் சேனை இருந்தது என்கிறாயே, அறுவடை முடிய நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. பொங்கலைச் சொன்னேன். அது வயலுக்கு, சேனைக்கு என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. அப்பப்பா இரவில் பரணில் காவல் இருந்தது தெரியும். நித்திரை வராமல் இருக்க என்ன பாடினார், முதல் குரக்கனை யாருக்குப் படைத்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் இப்போது இல்லை. பெரியத்தை இருக்கிறா, எழுபத்தெட்டு வயது. வந்த கிழமையே அவவிட்டப் போய்க் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரைக்கும் மூன்று பக்கம்.